நித்தியகல்யாணிக் கஷாயம் சர்க்கரைக்கு நல்லதா? புற்றுநோய்க்குக் கொடுக்கலாமா?

வாசகி கேட்டிருப்பது:

"எனக்கு வயது 47. ஆறு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. காலையும் இரவும் மெட்பார்மின், காலையில் கூடவே ஒரு கிளிமிபிரைடு. நாத்தனார் சொன்னதைக் கேட்டு இரண்டு மாதமாக நித்தியகல்யாணிப் பூவும் இலையும் போட்டுக் கொதிக்கவைத்து, ஏழு மணிக்கு மாத்திரையோடு அரை டம்ளர் குடிக்கிறேன். பிறகு நடந்துவிட்டு வந்து ஒன்பது மணிக்குத்தான் சாப்பாடு. நடைப்பயிற்சியும் அப்போதுதான் தொடங்கினேன். வெறும் வயிற்றில் 178 காட்டிய சர்க்கரை இப்போது 152. ஆனால் சில நாள் எட்டரை வாக்கில் கை நடுங்கி வியர்க்கிறது. விரல் நுனியெல்லாம் மதமதவென்று இருக்கிறது, மலச்சிக்கலும் சேர்ந்துவிட்டது. இன்னொன்று: என் கொழுந்தனார் லிம்போமா என்ற புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்டிருக்கிறார். புற்றுநோய் மருந்தே இந்தச் செடியிலிருந்துதான் வருகிறதாமே, அவருக்கும் சாறு கொடுக்கலாமா? வெள்ளைப் பூதான் மருந்து, ரோஸ் ஆகாது என்கிறார்கள். அது உண்மையா?"

பதில்:

சகோதரிக்கு, செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணங்களை அப்புறம் பேசலாம். கஷாயத்தை இன்றோடு நிறுத்துங்கள். மாத்திரைகளை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். ஆனால் கை நடுங்குவதையும் வியர்ப்பதையும் இந்த வாரமே உங்கள் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். கொழுந்தனாருக்கு அந்தச் சாறு ஒரு வாய்கூட வேண்டாம்.

நான் புற்றுநோய்ப் பிரிவில் கீமோ மருந்துகளைக் கலந்து தயார்செய்யும் மருந்தாளுநர். நித்தியகல்யாணியிலிருந்து வரும் மருந்து என் கையில் அன்றாடம் புழங்குகிறது. அதனால் இந்தச் செடியை "சும்மா பச்சிலை" என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். இதில் சத்தே இல்லை, வெறும் மூடநம்பிக்கை என்று சொல்லும் டாக்டர்கள் மேலும் அதே கோபம்தான். இந்தச் செடியில் இருப்பது உண்மையான மருந்து. அதனால்தான் அளவு தெரியாமல் குடிக்காதீர்கள் என்கிறேன்.

சர்க்கரை விஷயத்துக்கு வருவோம். உங்கள் நாத்தனார் இதைத் தானாகக் கற்பனை செய்யவில்லை. மடகாஸ்கரைச் சொந்த மண்ணாகக் கொண்ட இந்தச் செடி கப்பல் வணிகத்தோடு உலகின் வெப்ப நாடுகளெங்கும் பரவியது. பரவிய இடங்களில் பலவற்றில், ஜமைக்காவிலும் பிலிப்பைன்ஸிலும் தென்னாப்பிரிக்காவிலும், இலையைக் கொதிக்கவைத்துச் சர்க்கரைக்குக் குடிக்கும் பழக்கம் இருந்தது. ஒருவரை ஒருவர் பார்த்திராத மக்கள் ஒரே செடியை ஒரே நோய்க்குக் குடிக்கிறார்கள் என்றால் அதைச் சோதித்துப் பார்ப்பதுதான் நியாயம்.

அப்படித்தான் 1952-ல் ஜமைக்காவிலிருந்து இதன் இலைகள் கனடாவுக்கு, கிளார்க் நோபிள் என்ற மருத்துவருக்கு, வந்து சேர்ந்தன. இவர் யார் என்றால், 1921-ல், இன்சுலினைக் கண்டுபிடித்த பேண்டிங்குக்கு அந்த ஆய்வில் உதவியாளராக முதலில் யார் போவது என்று சார்லஸ் பெஸ்டோடு காசு சுண்டிப் பார்த்துத் தோற்றவர். இலைகளை அவர் தம்பி ராபர்ட் நோபிளுக்கு அனுப்பினார். ராபர்ட் அப்போது மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்தார். இலைச்சாற்றை எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தச் சர்க்கரை அசையவில்லை. ஒருவேளை வயிற்றில் செரித்து வீணாகிறதோ என்று ஊசியில் ஏற்றினார்கள். எலிகள் சில நாளிலேயே கிருமித்தொற்று கண்டு செத்துப்போயின. பார்த்தால் வெள்ளை அணுக்கள் சரிந்து, எலும்பு மஜ்ஜை வேலை செய்வதையே நிறுத்தியிருந்தது.

வேறொருவராக இருந்தால் "நச்சுச்செடி" என்று எழுதிக் கோப்பை மூடியிருப்பார். ராபர்ட் நோபிள் வேறு மாதிரி யோசித்தார். வெள்ளை அணுவை இப்படி அழிக்கும் பொருள், வெள்ளை அணு கட்டுக்கடங்காமல் பெருகும் நோயில் உதவலாமே? வேதியியலாளர் சார்லஸ் பீர் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார். 1958-ல் வெளியுலகுக்கு அறிவித்தார்கள். அதுதான் வின்பிளாஸ்டின். அடுத்து வின்கிறிஸ்டின் வந்தது. 1960-களின் தொடக்கத்திலிருந்து இரண்டுமே நோயாளிகளுக்குப் பயன்படுகின்றன. குழந்தைகளின் இரத்தப்புற்றுக்கும் ஹாட்ஜ்கின் லிம்போமாவுக்கும் செய்யும் சிகிச்சைகளில் இவற்றுக்கு இன்றும் இடம் உண்டு.

இந்தக் கதையை எல்லோரும் பெருமையோடு சொல்வார்கள். சர்க்கரைக்கு என்று குடித்த இலை, முதல் சோதனையில் வாய்வழி கொடுத்தபோது சர்க்கரையைக் குறைக்கவே இல்லை என்ற பாதியை மட்டும் விட்டுவிடுவார்கள். பிற்பாடு செய்த விலங்கு ஆய்வுகள் சிலவற்றில் இலைச்சாறு சர்க்கரையைக் குறைத்தது, அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எலிக்கும் முயலுக்கும் குறைந்ததை வைத்து, இத்தனை இலை, இத்தனை நாள், இன்ன மாத்திரையோடு சேர்த்து என்று ஒரு மனிதருக்கு எழுதித்தர முடியாது.

"எனக்குத்தான் குறைந்திருக்கிறதே" என்பீர்கள். 178-லிருந்து 152. கஷாயம் தொடங்கிய அதே சமயத்தில் நீங்கள் நடக்கவும் தொடங்கியிருக்கிறீர்கள். தினமும் நடந்தாலே வெறும் வயிற்றுச் சர்க்கரை இறங்கும். போதாததற்கு, வீட்டில் வைத்துப் பார்க்கும் குளுக்கோமீட்டருக்குச் சர்வதேசத் தர அளவுகோலே 100-க்கு மேற்பட்ட அளவுகளில் 15 சதவீதம் வரை கூடவோ குறையவோ காட்ட இடம் தருகிறது. இரத்தத்தில் உண்மையில் 165 இருந்தால் ஒரு நாள் 178 என்றும் இன்னொரு நாள் 152 என்றும் கருவி காட்டலாம், இரண்டுமே தரத்துக்கு உட்பட்டவைதான். எனவே இரண்டு எண்ணை வைத்து எதற்கும் பெயர் வாங்கிக்கொடுக்காதீர்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பாருங்கள். அதில் இறங்கியிருந்தால் நடைக்குத்தான் முதல் நன்றி சொல்வேன்.

கை நடுக்கம்தான் என்னை உட்கார்த்தி வைத்து எழுதச் செய்தது. கிளிமிபிரைடு, கணையத்தைத் தூண்டி இன்சுலினை வெளியே தள்ளும் மாத்திரை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்க்காது. அதை முதல் வேளைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். நீங்கள் ஏழு மணிக்கு விழுங்கிவிட்டு, ஒரு நடையும் நடந்து, ஒன்பது மணிக்குச் சாப்பிடுகிறீர்கள். எட்டரைக்கு நடுங்காமல் என்ன செய்யும்? கஷாயத்துக்காக வயிற்றைக் காயப்போட்டதே இந்த நடுக்கத்துக்குப் போதுமான காரணம். கஷாயத்துக்கும் சர்க்கரையைக் குறைக்கும் குணம் கொஞ்சம் இருந்துவிட்டால் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். இனி அந்த மாத்திரையைச் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்த பிறகு போடுங்கள். மீண்டும் நடுங்கினால் உடனே சர்க்கரை பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால், பார்க்கக் கருவி பக்கத்தில் இல்லாவிட்டாலும் சரி, 15 கிராம் குளுக்கோஸையோ மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையையோ தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, கால்மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை குடிக்க வேண்டும். தெளிந்ததும் வழக்கமான சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

இனி விரல் மதமதப்பும் மலச்சிக்கலும். இதற்கு என் துறையிலிருந்து கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது.

இந்தச் செடியில் இதுவரை பிரித்தறிந்த ஆல்கலாய்டுகள், அதாவது செடி தனக்குள் உண்டாக்கும் வீரியமான வேதிப்பொருள்கள், நூற்றுக்கும் மேல். வின்கிறிஸ்டினும் வின்பிளாஸ்டினும் அவற்றில் இரண்டு மட்டுமே, அதுவும் துளியிலும் துளியாக. ஒரு கிராம் வின்கிறிஸ்டின் எடுக்கச் சுமார் அரை டன் காய்ந்த இலை வேண்டும். இவை செய்வது என்ன? உயிரணு இரண்டாகப் பிரியும்போது உள்ளே நுண்குழல்கள் என்ற மெல்லிய இழைகள் உருவாகி, இரட்டித்த குரோமோசோம்களைப் பக்கத்துக்கு ஒன்றாக இழுத்துப் பிரிக்கும். இந்த மருந்துகள் அந்த இழை உருவாகாமல் தடுத்துவிடும். பிரிய முடியாத அணு சாகும். வேகமாகப் பெருகும் புற்றணுவுக்கு இது பெரிய அடி. மஜ்ஜைக்கும் முடிவேருக்கும்கூட அடிதான். பெருகாத நரம்பையும் இது விட்டுவைப்பதில்லை. முதுகுத்தண்டிலிருந்து கால்விரல் வரை நீளும் நரம்பிழைக்குள் அதே நுண்குழல்கள்தான் சரக்கு போகும் தண்டவாளம். அது குலைந்தால் மிக நீளமான நரம்பின் கடைசி முனை முதலில் பட்டினி கிடக்கும். விரல் நுனியும் பாதமும் மரத்துப்போவது அதனால்தான். குடலை அசைக்கும் நரம்பு மந்தமானால் மலச்சிக்கல், முற்றினால் வயிறு ஊதிக் குடல் நின்றே போகலாம்.

உங்கள் மதமதப்புக்கு இதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆறு வருடச் சர்க்கரையே நரம்பைத் தொட்டிருக்கலாம். மெட்பார்மினை வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையும், அதற்கும் விரல் இதே மாதிரிதான் மதமதக்கும். நான் பந்தயம் கட்டுவதாக இருந்தால் பி12 மேல்தான் கட்டுவேன். அது எளிதாகச் சரிசெய்யக்கூடியது, பலர் பார்க்காமலே விட்டுவிடுவதும்கூட. ஆனால் மூன்றாவது சந்தேகப் புள்ளியாகக் கஷாயத்தை நீங்களே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறீர்கள். அதை விலக்கினால்தான் மற்ற இரண்டையும் தெளிவாகப் பார்க்க முடியும். மருத்துவரிடம் பி12, முழு இரத்த அணு எண்ணிக்கை, கல்லீரல், சிறுநீரகச் சோதனைகள் கேளுங்கள். பாதத்தையும் காட்டுங்கள். எந்தப் பாகம், ஏறக்குறைய எவ்வளவு, எத்தனை நாள் குடித்தீர்கள் என்பதைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். திட்டுவார் என்று மறைத்தால், தலையைச் சொறிந்துகொண்டு தேவையில்லாத சோதனை பத்து எழுதுவார். காய்ச்சல் வந்தாலோ, வயிறு உப்பி மலமும் காற்றும் போகாமல் நின்றாலோ, நடக்கும்போது பாதம் தொங்கி இழுத்தாலோ, அடுத்த வாரச் சந்திப்புக்குக் காத்திருக்க வேண்டாம்.

அடுத்து, உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்திய வரி: கொழுந்தனாருக்குச் சாறு.

வின்கிறிஸ்டினை நாங்கள் எப்படிக் கையாளுகிறோம் என்று சொல்கிறேன். குப்பி 2 முதல் 8 டிகிரி குளிரில், வெளிச்சம் படாமல் இருக்கும். நோயாளியின் உயரமும் எடையும் வைத்து உடல் பரப்பைக் கணக்கிட்டு, சதுர மீட்டருக்கு 1.4 மில்லிகிராம் என்ற வீதத்தில் அளவு போடுவோம். பெரியவர்களுக்கு, எவ்வளவு வாட்டசாட்டமான ஆளாக இருந்தாலும், ஒரு வேளைக்கு 2 மில்லிகிராமைத் தாண்டுவது அரிது. ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் காகிதத்தில் தனியாகப் போட்டுப் பார்ப்பார். தசமப்புள்ளி எங்கே நிற்கிறது என்பதை விரல் வைத்துப் படிப்போம். பிறகு மருந்தைச் சிறு சலைன் பையில் கலப்போம், ஊசிக்குழாயில் தருவதில்லை. காரணம், தண்டுவடத்தில் போட வேண்டிய வேறு மருந்தோடு ஊசிக்குழாய் மாறிப்போய் இது அங்கே ஏறினால் ஏறக்குறைய எப்போதும் மரணம்தான். உலகில் பல இடங்களில் அப்படி நடந்து, உலக சுகாதார நிறுவனம் 2007-ல் எச்சரிக்கையே விட்டது. பையின் மேல் "சிரை வழி மட்டும், வேறு வழியில் செலுத்தினால் உயிருக்கு ஆபத்து" என்ற ஒட்டுத்தாள் இல்லாமல் அது எங்கள் அறையை விட்டு வெளியே போகாது. ஏற்றும்போது சிரையிலிருந்து கசிந்து தோலடியில் பரவினாலே சதை வெந்து புண்ணாகிவிடும்.

இத்தனையும் 2 மில்லிகிராமுக்கு. இப்போது உங்கள் சாறு. மேலே சொன்ன அரை டன் கணக்கில் பார்த்தால் 2 மில்லிகிராமுக்கு ஒரு கிலோ காய்ந்த இலை வேண்டும். கைப்பிடி இலையில் இருப்பது தூசு, அதிலும் வாய்வழியாக உடலில் சேர்வது ஒழுங்கற்றது. ஆகவே புற்றுநோயை அது தீர்க்காது. "சரி, அப்படியானால் கெடுதலும் இல்லையே?" என்று கேட்கலாம். இருக்கிறது. சாற்றில் வருவது வின்கிறிஸ்டின் மட்டுமில்லை, மற்ற நூறு ஆல்கலாய்டுகளும் அதைவிடப் பல மடங்கு அதிகமாக வரும். குணமாக்கப் போதாது, சும்மா விடவும் மாட்டாது.

கொழுந்தனாரின் கீமோவில் வின்கிறிஸ்டினோ வின்பிளாஸ்டினோ இருக்க வாய்ப்பு உண்டு, லிம்போமா சிகிச்சைகள் பலவற்றில் இரண்டில் ஒன்று இருக்கும். வீட்டில் சாறு குடித்து அவருக்குக் கை கால் மரத்தாலோ அணுக்கள் இறங்கினாலோ, மருத்துவருக்குச் சாறு பற்றித் தெரியாது. கீமோதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணி உண்மையான மருந்தின் அளவைக் குறைப்பார், அல்லது அடுத்த சுற்றைத் தள்ளிப்போடுவார். நோயைத் தீர்க்கும் மருந்தை, தீர்க்காத சாறு வெட்டிவிடும். வெள்ளை அணு குறைந்திருக்கும் உடம்புக்கு, மண்ணும் கிருமியும் ஒட்டியிருக்கும் பச்சை இலையை அரைத்துக் கொடுப்பதே தனி அபாயம். வின்கிறிஸ்டினைக் கல்லீரல் உடைத்து வெளியேற்றுகிறது. சில பூஞ்சைக்கொல்லி மாத்திரைகளைச் சேர்த்தாலே அந்த வேலை தடைபட்டு மருந்து உடம்பில் தேங்கி நரம்பு பாதிக்கப்பட்டதைப் பார்த்திருக்கிறோம். பச்சிலை, பொடி, லேகியம் எதுவானாலும் அவருடைய புற்றுநோய் மருத்துவரிடம் காட்டாமல் கொடுக்க வேண்டாம். உங்கள் அக்கறை எனக்குப் புரிகிறது. அவர் அடுத்த சுற்றுக்குத் தேதி தவறாமல் போக ஆள் துணை கொடுங்கள், இப்போதைக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

வெள்ளைப் பூவா ரோஸ் பூவா என்பது வீண் வாதம். இரண்டும் ஒரே செடியினம்தான். ஆல்கலாய்டின் அளவு ரகத்தையும் இலையின் வயதையும் மண்ணையும் பருவத்தையும் பொறுத்து மாறும். பூவின் நிறத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. நேற்று பறித்த ஐந்து பூவும் இன்று பறித்த ஐந்து பூவும் ஒரே அளவு என்பதற்கே உத்தரவாதம் கிடையாது. வேர் இன்னும் வேறு கதை. அதில் அஜ்மலிசின், செர்பென்டைன் போன்றவை மிகுதி, இரத்த அழுத்தத்தை இறக்கக் கூடியவை. அழுத்த மாத்திரை போடுகிறவர் யாராவது உங்கள் வீட்டில் வேர்ப்பொடியை வெந்நீரில் கலக்கிக் குடித்தால், எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழப்போகிறார். அவரையும் தடுத்துவிடுங்கள்.

வேறு பழக்கங்களும் உண்டு. குளவி கொட்டிய இடத்தில் இலைச்சாறு தடவுவது, பூவை ஊறவைத்த நீரில் கண் கழுவுவது என்று ஊருக்கு ஒன்று. முழுத்தோலில் கொஞ்சம் தடவினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. கண்ணில் மட்டும் கூடவே கூடாது, கொதிக்கவைத்த நீர் என்பதாலேயே அது கண்ணுக்கு ஏற்ற சுத்தம் ஆகிவிடாது. மாதவிலக்கு அதிகம் போவதற்கு இதைக் குடிக்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். கருத்தரித்திருக்கக் கூடிய ஒரு பெண்ணுக்கு, அணுப் பிரிவையே தடுக்கும் செடியைக் கொடுப்பது எனக்கு நினைக்கவே ஆகாத காரியம். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் குழந்தைகளும் இதை எந்த வடிவத்திலும் உட்கொள்ளக் கூடாது.

பொடியாக வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அரளியும் இதே குடும்பம்தான், ரோஸ் நிறத்தில் ஐந்து இதழ் வைத்துப் பூப்பதும் உண்டு. அரளியின் நஞ்சு நேராக இதயத் துடிப்பைத் தாக்கும். இலையாகப் பார்த்தால் அரளி நீண்டு ஒடுங்கி ஈட்டி மாதிரி இருக்கும், நித்தியகல்யாணி நடுவில் வெளிர்நரம்போடு சற்றே உருண்டு பளபளக்கும், குழப்பம் வராது. காய்ந்து பொடியான பிறகு இரண்டையும் கண்ணால் பிரிக்க என்னாலும் முடியாது.

செடியைப் பிடுங்கிப் போட வேண்டுமா என்று அடுத்து கேட்பீர்கள். வேண்டாம், நன்றாகப் பூக்கட்டும். தொடுவதாலும் பறிப்பதாலும் ஒன்றும் ஆகாது. ஒடித்தால் வரும் பாலைக் கண்ணில் படாமல் கழுவிக்கொண்டால் போதும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்து, ஓர் இதழை வாயில் போட்டுவிட்டால் வாயைத் துடைத்துத் தண்ணீர் கொடுங்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இலையோ பூவோ நிறையத் தின்றிருந்தாலோ, சோர்வாகவோ வாந்தியோடோ இருந்தாலோ, செடியின் கிளை ஒன்றைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். என்ன செடி என்று தெரிந்தால் அங்கே பாதி வேலை மிச்சம்.